வலியில்லாமல் படைத்தவர்கள்

உலகத்தை உண்டாக்கியது யார் என்ற கேள்விக்குப் பெருமதங்கள் வைத்திருக்கும் விடைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். படைத்தவர் பெரும்பாலும் ஆண். அவருக்கு வயிறு கிடையாது. ஒருவர் சொல்லிப் படைக்கிறார். ஒருவர் மண்ணைப் பிசைந்து படைக்கிறார். ஒருவர் மனத்தால் நினைத்துப் படைக்கிறார். ஒருவர் எதிரியின் உடலைப் பிளந்து படைக்கிறார். ஒருவர் வேள்வியில் வெட்டுப்பட்டு உலகமாகிறார். பனிக்குடம் உடைந்து, இடுப்பு நொந்து, பல்லைக் கடித்து முக்கிப் படைத்தவரை இந்த வரிசையில் தேடினால் கிடைப்பது அரிது. மனித உயிர் உலகத்துக்கு வருவதை மனிதர்கள் கண்ணால் கண்ட வழி அது ஒன்றுதான். அந்த ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்ற எல்லா வழிகளையும் கற்பனை செய்திருக்கிறார்கள்.

கடவுள் உண்டா இல்லையா என்பது இந்தக் கட்டுரையின் வழக்கு அல்ல. நம்பிக்கையுள்ள தோழிகள் அஞ்ச வேண்டாம். நம்பிக்கையில்லாத தோழிகள் அவசரப்பட்டு மகிழவும் வேண்டாம். படைப்புக் கதை பூமியில் என்ன வேலை செய்கிறது என்பதுதான் என் கேள்வி. அது மூன்று வேலைகளைச் செய்கிறது என்கிறேன். பிள்ளைப்பேறு என்னும் உழைப்பைப் பெண்ணிடமிருந்து எடுத்து ஆணின் சொல்லாகவும் கட்டளையாகவும் எழுத்தாகவும் மாற்றுகிறது. பிறகு, பெறுகிற உடம்பை அசுத்தம் என்று தள்ளி வைக்கிறது. தள்ளி வைத்த பிறகு அந்த வயிற்றின்மேல் உரிமை கொண்டாடுகிறது. சொத்து, சாதி, குருத்துவம் மூன்றும் இந்த உரிமையின்மேல் நிற்பவை.

பாபிலோனில் தொடங்குகிறேன். 'எனுமா எலிஷ்' என்னும் அக்காடிய மொழிப் படைப்புக் காவியம் ஏழு களிமண் பலகைகளில் எழுதப்பட்டது. பாபிலோனியப் புத்தாண்டு விழாவின் நான்காம் நாள் அதைக் கோயிலில் ஓதினார்கள். தொடக்கத்தில் இரண்டு நீர்கள் இருக்கின்றன: அப்சு என்ற ஆண் நன்னீர், தியாமத் என்ற பெண் உப்புநீர். இரண்டும் கலந்து தெய்வங்கள் பிறக்கின்றன. ஆக, தியாமத் தெய்வங்களுக்கெல்லாம் தாய். கதை வளர வளர அவள் அரக்கியாகிறாள். அவள் வழிவந்த மர்துக் அவளைக் கொல்கிறான். கருவாட்டுக்கு மீனைக் கீறுவதுபோல உடலை இரண்டாகக் கீறி ஒரு பாதியை வானமாக்குகிறான். அவள் கண்களிலிருந்து டைகிரிசும் யூப்ரடிசும் ஓடுகின்றன. சண்டைக்குப் போகும் முன்பே அவன் நிபந்தனை போட்டிருந்தான்: வென்றால் நானே தலைவன், என் வாய்ச்சொல்லே விதி. தாயின் உடல் மூலப்பொருள் ஆனது. அதைப் பிளந்தவன் படைத்தவன் ஆனான்.

விவிலியத்தின் ஆதியாகமத்தில் சண்டைகூட இல்லை. கடவுள் சொல்கிறார், ஆகிறது. அதற்கு முன் இருந்தது இருள் மூடிய ஆழம் மட்டும். அந்த ஆழத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'தெஹோம்', தியாமத் என்ற பெயருக்கு உறவுச்சொல் என்கிறார்கள் மொழியறிஞர்கள். அங்கே சண்டையிட்டுச் செத்த தாய்க்கு இங்கே பேச்சில்லாத தண்ணீரில் பெயரின் சாயல் மட்டும் மிச்சம். முதல் அதிகாரத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே, கடவுளின் சாயலில் படைக்கப்படுகிறார்கள். இரண்டாம் அதிகாரத்தில் ஆதாம் மண்ணிலிருந்தும் ஏவாள் அவன் விலாவிலிருந்தும் வருகிறார்கள். இரண்டு கதைகளும் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தும், பிரசங்க மேடையில் அதிகம் கேட்பது விலா எலும்புக் கதைதான். பெண்ணிடமிருந்து ஆண் பிறப்பதை அன்றாடம் பார்த்தவர்கள், ஆணிடமிருந்து பெண் பிறந்தாள் என்று எழுதினார்கள். மூன்றாம் அதிகாரத்தில் பேறுகால வலி, ஏவாளுக்குக் கிடைத்த தண்டனையாகிறது. எலிசபெத் கேடி ஸ்டாண்டன் 1895-இல் 'பெண்களின் விவிலியம்' நூலின் முதல் பாகத்தை வெளியிட்டபோது இந்த இரண்டு கதைகளைப் பிரித்துக் காட்டுவதில்தான் தொடங்கினார்.

கிரேக்கர்கள் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். கருவுற்ற மெட்டிஸைச் சீயஸ் விழுங்குகிறான். பிறகு அவன் தலையிலிருந்து அத்தீனா பிறக்கிறாள். இந்தக் கதை எதற்குப் பயன்பட்டது என்பதைப் பொது ஆண்டுக்கு முன் 458-இல் மேடையேறிய ஈஸ்கிலஸின் நாடகத்தில் பார்க்கலாம். ஒரெஸ்டஸ் தன் தாயைக் கொன்றவன். அவனுக்காக வாதாடும் அப்பல்லோ, தாய் என்பவள் பெற்றவளே அல்ல, விதைத்தவனே பெற்றவன், அவள் விதையைக் காத்து வைப்பவள் என்கிறான். சாட்சிக்கு அத்தீனாவைக் காட்டுகிறான்: இதோ, தாயில்லாமல் பிறந்தவள். அத்தீனா அவன் பக்கம் வாக்களிக்கிறாள். தாயைக் கொன்றவன் விடுதலையாகிறான். படைப்புக் கதை ஒரு கொலை வழக்கில் முன்தீர்ப்பாக நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இனி நம் பக்கம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலம், 90-ஆம் பாடல், புருஷ சூக்தம். ஆதி மனிதனைத் தேவர்கள் வேள்வியில் வெட்டுகிறார்கள். வாய் பிராமணன் ஆகிறது, தோள் அரசன் ஆகிறது, தொடை வைசியன் ஆகிறது, காலிலிருந்து சூத்திரன் வருகிறான். ஒரு சமூகம் முழுவதும் பிறந்துவிட்டது. பெற்றவள் என்று ஒருத்தி இல்லை. அதே மண்டலத்தின் 72-ஆம் பாடலில் வேறொரு கதை இருக்கிறது. கால்களை விரித்து அமர்ந்த ஒரு தாயிடமிருந்து பூமி பிறக்கிறது. அதிதியிடமிருந்து தட்சனும், தட்சனிடமிருந்து அதிதியும் பிறந்ததாக அந்தப் பாடல் சொல்கிறது. யார் யாரைப் பெற்றார் என்று இறுதியாகச் சொல்ல முடியாத அந்தக் குழப்பத்தில் ஒரு நேர்மை உண்டு. ஆனால் கோயில் அபிடேகங்களில் இன்றுவரை முழங்குவது புருஷ சூக்தம். கால் விரித்த தாயை ஆராய்ச்சியாளர்கள் மட்டும் அறிவார்கள்.

பிரமனின் கதை தமிழ்ப் பெண்களுக்கு இன்னும் நெருக்கமானது. அவன் மனத்தால் பிள்ளைகளைப் பெற்றான், மானச புத்திரர்கள். தன்னிடமிருந்தே சதரூபையைப் படைத்தான். தன் மகளான அவள்மீதே ஆசை கொண்டான். அவள் வலம் வந்தபோது, அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்காகத் திசைக்கொரு தலை முளைத்தது என்கிறது மச்ச புராணம். நான்முகன் என்ற அழகான பெயருக்குள் இருப்பது இந்தக் கதை. அந்த நான்முகன்தான் நம் மண்டையில் எழுதுகிறவன். தலையெழுத்து என்ற சொல்லை நம் வீடுகளில் யாருக்கு அதிகம் சொல்கிறோம்? குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு, பிள்ளையில்லாதவளுக்கு, இளம் வயதில் தாலி அறுத்தவளுக்கு. பெறுவதற்கு ஒரு பெண் வேண்டும். பிறந்ததன் கதியை எழுதுவதற்கு ஓர் ஆண் போதும்.

இந்தக் கதைகளின் சட்ட வடிவம் மனுஸ்மிருதியில் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் முட்டையிலிருந்து பிரமன் வெளிப்படுகிறான். உடல் உறுப்புகளிலிருந்து வருணங்கள் வருகின்றன. ஒன்பதாம் அத்தியாயத்தில் பெண் நிலம், ஆண் விதை. இரண்டில் விதையே உயர்ந்தது. ஆதென்ஸின் அப்பல்லோவும் நம்முடைய மனுவும் ஒரே வழக்கறிஞரிடம் படித்தவர்களைப்போல் பேசுகிறார்கள். விதைதான் உயர்ந்தது என்றால் நிலத்துக்கு வேலி போட வேண்டும். வேறு விதை விழுந்துவிடக் கூடாது. 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் இதைத்தான் விளக்கினார். சாதி நிலைக்க அகமணம் நிலைக்க வேண்டும். அகமணம் நிலைக்கப் பெண்ணைக் கட்ட வேண்டும். உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் சிறுமி மணமும் அதற்கான கருவிகள். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அன்று தீயிலிட்ட பக்கங்களில் தாயில்லாத அந்தப் படைப்புக் கதையும் இருந்தது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று வேறு சாதிக்காரனைக் காதலித்த மகளைக் கொல்லும் தகப்பன் சமஸ்கிருதம் படித்தவன் அல்லன். ஆனால் நிலமும் விதையும் அவனுக்குத் தெரியும்.

இரண்டாவது வேலைக்கு வருகிறேன்: தீட்டு. லேவியராகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரம் கணக்கோடு பேசுகிறது. ஆண் பிள்ளை பெற்றவளுக்கு ஏழு நாளும் அதன்மேல் 33 நாளும். பெண் பிள்ளை பெற்றவளுக்குப் பதினான்கு நாளும் அதன்மேல் 66 நாளும். நாற்பதுக்கு எண்பது. பெண்ணைப் பெற்றால் அசுத்தம் சரியாக இரண்டு மடங்கு. இஸ்லாத்தில் பேறுகாலத் தொடக்குள்ள நாட்களில் தொழுகை இல்லை. அதை ஓய்வு என்று சொல்லும் தோழிகள் உண்டு. ஓய்வுதான் என்றால் அதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்பவள் அவளாக இருக்க வேண்டும். எனக்கு மகள் பிறந்தபோது, நாற்பது நாள் சாமி அறைப் பக்கம் வராதே என்றார்கள். அந்த நாற்பது நாளும் என் கணவர் விளக்கேற்றினார். எங்கள் இருவருக்கும் பிறந்த பிள்ளைக்கு அவர் தகப்பன் ஆனார். நான் தீட்டு ஆனேன்.

கோயிலின் நடு அறைக்குத் தமிழில் என்ன பெயர்? கருவறை. வடமொழியிலும் அதே பொருள்தான்: கர்ப்பகிருகம். பெயரைப் பெண் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இருட்டையும் ஈரத்தையும் ஒடுக்கமான வாசலையும் எடுத்துக்கொண்டார்கள். கரு சுமக்கக் கூடியவளை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். சபரிமலையில் 10 வயது முதல் 50 வயது வரை என்று விலக்கு வைத்தது, அந்த வயதுக் கணக்கிலேயே தன் காரணத்தைச் சொல்லிவிட்டது. 2018 செப்டம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. தீர்ப்பை எதிர்த்துத் தெருவில் நின்றவர்களில் பெண்களும் இருந்தார்கள். தீட்டின் வெற்றி அதுதான். காவலுக்கு அது நம்மையே நிறுத்தும்.

இதற்கு மாறான கதை ஒன்று நம்மிடம் இருக்கிறது, திருச்சி மலைக்கோட்டையில். பேறுகாலத்தில் தனியாகக் கிடக்கிறாள் ஒரு வணிகர் குலப் பெண். துணைக்கு வர வேண்டிய அம்மா காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிடுகிறாள். சிவன் அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பேறு பார்க்கிறான். வெள்ளம் வடிந்து உண்மையான அம்மா வந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரிகிறது. அதனால் அவர் தாயுமானவர். செட்டிப்பெண் மருத்துவம் என்று இன்றும் விழா நடக்கிறது. சுகப்பிரசவத்துக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். எனக்குப் பிடித்த கதை. படைப்புக் கதைகளுக்கு நடுவே, குருதியில் கைவைத்த ஒரு கடவுள்.

ஆனால் அந்த வேலையைக் கதைக்கு வெளியே யார் செய்தார்கள்? ஊர்களில் பேறு பார்த்த மருத்துவச்சிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள். நள்ளிரவில் ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். தலையைத் திருப்பி, கொடியை அறுத்து, நச்சுக்கொடியைப் புதைத்து, துணி அலசிப் போட்டார்கள். விடிந்ததும் அதே வீட்டுத் திண்ணையில் ஏற முடியாது. கூலி முறத்தில் நெல்லாக விழும். கடவுள் ஒருநாள் செய்தபோது அது அருள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தபோது அது தீட்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் கோயில்களில் பெரியாச்சி என்ற பேறுகாலத் தெய்வத்துக்குச் சன்னதி உண்டு. பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் குழந்தையை அவளிடம் தூக்கிப்போகிறார்கள். அவளுக்குக் கிடைக்கும் இடமும் பெரும்பாலும் ஓரத்தில்தான்.

இங்கே ஒரு மறுப்பு வரும். கடவுளுக்கு ஆண், பெண் என்ற பேதமில்லை; நீங்கள்தான் உருவத்தைக் கட்டிப்பிடித்துப் பேசுகிறீர்கள் என்பார்கள். இதை வலுவாகச் சொல்லக்கூடிய மதம் இஸ்லாம். அல்லாஹ் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்பது குர்ஆனின் 112-ஆம் அத்தியாயம் அறிவிக்கும் அடிப்படை. விலா எலும்புக் கதை குர்ஆனில் இல்லை. ஒரே ஆன்மாவிலிருந்து இணைகள் உண்டானதைத்தான் நான்காம் அத்தியாயம் பேசுகிறது. இன்னும் ஒன்று: ரஹ்மான், ரஹீம் என்ற இறைப் பெயர்களும் கருப்பையைக் குறிக்கும் அரபுச் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. அருள் என்பதற்கும் கருப்பை என்பதற்கும் ஒரே வேர். ஆமினா வதூத் 1992-இல் 'குர்ஆனும் பெண்ணும்' நூலில் இந்த வழியில்தான் மறுவாசிப்பைத் தொடங்கினார். 2005 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் ஆண்களும் பெண்களும் நின்ற தொழுகையை அவர் முன்னின்று நடத்தினார். பாலில்லாத இறைவனை வணங்கும் உலகத்தில் அதற்கு ஏன் அத்தனை கூச்சல் எழுந்தது? கடவுளுக்குப் பால் இல்லாமல் இருக்கலாம்; கடவுளின் பெயரால் பேசும் பதவிக்குப் பால் இருக்கிறது.

மொழியிலும் இதே கதைதான். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பேடியைச் சுட்டும் பெயரையும் தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் ஒரே நூற்பாவில் வைக்கிறார். இரண்டுக்கும் தமக்கென்று பால் காட்டும் ஈறு இல்லை. உயர்திணையின் ஈறுகளை வாங்கிக்கொண்டு வரும் என்கிறார். நான் வகுப்பில் இந்த நூற்பாவுக்கு வரும்போது மாணவிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆண், பெண் என்ற இரட்டைக்குள் அடங்காத மனிதரும் தெய்வமும் ஒரே இலக்கண வீட்டில் இருக்கிறார்கள். பிறகு நாம் அந்த வீட்டைக் காலிசெய்தோம். இறைவன், ஆண்டவன் என்று 'அன்' ஈறு ஏறிக்கொண்டது. சீர்திருத்தச் சபையினரின் தமிழ் விவிலியங்களில் சர்வேசுரன், பராபரன், தேவன் என்று பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஈறு மட்டும் மாறவில்லை. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் கடவுள் என்று வந்தபோதுதான் பெயரிலிருந்து அந்த 'அன்' இறங்கியது. குர்ஆனின் தமிழாக்கங்களிலும் 'அவன்'தான். பாலில்லை என்று பொருளில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆணாக்கினால், கேட்டு வளரும் பெண் பிள்ளை எதை நம்புவாள்?

அடுத்த மறுப்பு இன்னும் பழகியது: எங்களிடம் அம்மன் இருக்கிறாள், ஆதிபராசக்தி இருக்கிறாள், அவளே மூவரையும் பெற்றவள். அந்தக் குரல் சாக்த மரபில் உண்மையாகவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் வீட்டுப் படங்களில் இருக்கும் பார்வதியைப் பாருங்கள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனை அவள் வயிற்றில் சுமக்கவில்லை. உடம்பில் பூசியதைத் திரட்டிச் செய்தாள். இளையவன் சிவனின் நெற்றிக்கண் பொறியில் உண்டாகி, சரவணப் பொய்கையில் தவழ்ந்து, ஆறு கார்த்திகைப் பெண்களிடம் பால் குடித்து வளர்ந்தான். உலக மாதா என்று பாடப்படுகிறவளுக்கே ஒரு பேறுகாலத்தை எழுத ஆணின் கை கூசியிருக்கிறது. ஊர் எல்லையில் நிற்கும் அம்மன்களில் எத்தனை பேர் கொல்லப்பட்ட பெண்கள் என்று அவரவர் ஊர்க் கதைகளைக் கேட்டுப் பாருங்கள். செத்த பிறகு தெய்வமாக்குவதால் உயிரோடு இருப்பவளுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

அப்படியானால் படைப்புக் கடவுளையே தூக்கிவிட்டால் சரியாகிவிடுமா? சமணத்திலும் பௌத்தத்திலும் உலகைப் படைத்தவன் என்று ஒருவன் இல்லை. ஆனால் திகம்பரச் சமணம், பெண் பெண்ணாகவே வீடுபேறு அடைய முடியாது, ஆணாகப் பிறந்து வர வேண்டும் என்றது. பௌத்தச் சங்கத்தில் நூறாண்டு துறவியாக இருந்த பிக்குணியும் அன்று துறவு பூண்ட பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்று விதி இருந்தது. இங்குள்ள பகுத்தறிவு வீடுகளிலும் சமையலறை யாருடையது என்று நமக்குத் தெரியும். நாற்காலியைக் காலிசெய்தால் போதாது. அதன்மேல் உட்காரும் பழக்கம் போக வேண்டும். பெரியார் கடவுளை மறுத்ததோடு நிற்காமல் கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலைக்கு வழியாகப் பேசினார். அவர் காலத்தில் கருத்தடையை ஆதரித்த பலர் மக்கள்தொகையையும் குடும்ப நலத்தையும் காரணமாகச் சொன்னபோது, பெண்ணின் சுதந்திரத்தைக் காரணமாகச் சொன்னார்.

அதனால்தான் 'தாயே தெய்வம்' என்ற எதிர்ப்பாட்டும் எனக்கு வேண்டாம். பெற்றவளைப் பீடத்தில் ஏற்றுகிற ஊர், பெறாதவளை மலடி என்கிறது. பெற விரும்பாதவளைத் திமிர் பிடித்தவள் என்கிறது. நான் கேட்பது வழிபாடு அல்ல. பேறு என்பது உழைப்பு, அந்த உழைப்பைச் செய்வதா வேண்டாமா என்பது செய்கிறவளின் முடிவு, செய்தால் அது கணக்கில் வர வேண்டும். அவ்வளவுதான்.

தமிழில் படைத்தவனோடு சண்டை போட்ட மரபு ஒன்று உண்டு என்பதை மாணவிகளுக்கு நான் பெருமையோடு சொல்வதுண்டு. ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும்படி உலகைச் செய்தவன் பண்பில்லாதவன் என்றார் பக்குடுக்கை நன்கணியார், புறநானூற்றின் 194-ஆம் பாட்டில். பிச்சையெடுத்துத்தான் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்றார் வள்ளுவர். ஒருவர் சாவைக் கேட்டார், ஒருவர் வறுமையைக் கேட்டார். பேற்றைக் கேட்டவர்கள் ஏட்டில் இல்லை, ஒப்பாரியில் இருந்தார்கள். எழுதிய கையை, எழுத்தாணியை, எழுதிய நேரத்தைப் பெயர் சொல்லித் திட்டும் பெண்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒன்பது பெற்று நான்கைப் புதைத்த என் அப்பாயி, "அந்தப் பிரமனுக்கு ஒரு தடவை இடுப்பு நொந்திருந்தா இப்பிடி எழுதியிருப்பானா" என்பாள். நான் முனைவர் பட்டத்துக்குப் படித்த எந்த நூலிலும் இதைவிடக் கூர்மையான இறையியல் கேள்வியைக் காணவில்லை. அதை எந்த மடமும் ஏட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

எழுதிக்கொள்வது இருக்கட்டும், கேட்கவே நம்மை விட்டார்களா? மணிமேகலை வஞ்சி மாநகருக்குப் போய்ச் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கிறாள். சைவவாதியும் வைணவவாதியும் வேதவாதியும் தங்கள் கொள்கைகளை வரிசையாகச் சொல்கிறார்கள். உலகம் முழுவதும் ஒரு தேவன் இட்ட முட்டை என்கிறான் பிரமவாதி. அங்கேயும் முட்டையிட்டது ஆண்தான். இந்த விவாதத்தைக் கேட்க அவள் எப்படிப் போனாள்? துறவி வேடத்தில், ஆணுருவில். இளம்பெண் என்று தெரிந்தால் உண்மையான பொருளைச் சொல்ல மாட்டார்கள் என்று மணிமேகலா தெய்வம் முன்பே எச்சரித்து, உருமாறும் மந்திரத்தைக் கொடுத்திருந்தது. கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்பேன் என்ற பூதவாதியிடம் அவள் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்? பிரபஞ்சத்தின் தகப்பனைப் பற்றி ஆண்கள் பேசிக்கொண்டிருந்த ஊரில், உன்னைப் பெற்றவர் யார் என்று கேட்டவள், ஆண் வேடத்தில் இருந்த ஒரு பெண். நாம் இன்னும் வேடம் போட்டுத்தான் பல அரங்குகளுக்குள் போகிறோம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், மதங்களின் படைப்புக் கதைகளும் பெண்ணும் என்று கருத்தரங்கத் தலைப்புக் கொடுத்தபோது 'மதங்கள்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார்கள். 'இலக்கியத்தில் தாய்மை' என்று வைத்தால் நிதி கிடைக்கும் என்றார்கள்.

பூசை செய்யும் கை, திருப்பலி நிறைவேற்றும் கை, தொழுகை நடத்தும் கை பெண்ணுடையதாக இருக்கட்டும் என்பது என் முதல் கோரிக்கை. 2023-இல் திருவரங்கத்தில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்தார்கள். பயிற்சி முடித்தவர்களுக்குக் கருவறை திறக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்ணுக்குக் குருத்துவம் இல்லை என்று 1994-இல் போப் எழுதிய மடலோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. நம்பிக்கை இல்லாதவர்களும் இந்தக் கோரிக்கையோடு நிற்க வேண்டும். கோயிலில் வழங்கும் தீர்ப்பு கோயிலோடு நிற்பதில்லை. இரண்டாவது, தீட்டு என்ற சொல்லை உங்கள் வீட்டில் உங்கள் தலைமுறையோடு நிறுத்துங்கள். அதற்கு நீதிமன்றம் தேவையில்லை.

மூன்றாவது, எங்கே படைப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அந்தப் படைப்பில் யார் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2020-ஆம் ஆண்டில் கருவுற்றும் பிள்ளை பெற்றும் இறந்த பெண்கள் சுமார் 2,87,000 பேர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 800. இந்தியாவில் 2018–20 கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54. இந்த வித்தியாசத்தை எந்தப் படைப்புக் கடவுளும் உண்டாக்கவில்லை. வீடு வீடாக நடந்த கிராம சுகாதாரச் செவிலியரும், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரவுப் பணியிலிருந்த செவிலியரும், 108 வண்டியும், இரத்த வங்கியும் உண்டாக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலருக்குச் சம்பளமும் பணி நிரந்தரமும் இன்னும் போராட்டத்தில் இருக்கின்றன. மீதமிருக்கும் 54-க்கும் 97-க்கும் யார் பொறுப்பு என்று கேட்டால் 'ஆண்டவன் கொடுத்தான், ஆண்டவன் எடுத்தான்' என்று ஒரு பதில் வரும். அந்தப் பதிலை ஏற்காதீர்கள். படுக்கை இருந்ததா, இரத்தம் இருந்ததா, அவள் வயது என்ன, அது எத்தனையாவது பேறு, அவளிடம் கேட்டுத்தான் நடந்ததா என்று கேளுங்கள்.